செங்கோணமும் பிறவும்

பொருள்களை இனம் பிரித்து அறிதற்கு இருவகை வழிகள் உண்டு. ஒன்று தோற்றத்தால் அறிவது. மற்றொன்று அளவால் அறிவது. வாழையையும் தென்னையையும் அளந்து பார்த்து வேறுபடுத்துவார் எவருமிலர். ஆயின், அகரத்தைக் குறில் என்றும் ஆகாரத்தை நெடில் என்றும் நாம் கொள்வது அவற்றின் வரிவடிவம் பற்றியன்று. அவை ஒலிக்கும் கால அளவு பற்றியேயாம். இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதும் கை நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என அளவுகோல் ஒன்றைத் தொல்காப்பியர் வகுத்துக்கொண்டார். அவ்வளவுகோலின்படி குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனப் பகுத்தார். மகரக்குறுக்கத்திற்குக் கால் மாத்திரை எனவும் கூறினார். அளவு கொண்டு இனம் பிரித்துப் பெயரிடும் முறைமை தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று என்பதனைக் காட்டவே இதனை முதற்கண் கூறினேன்.

யான் புலவர் பட்டம் பெற்று, ஆத்தூரை அடுத்த சிற்றூர்ப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாய்ப் பணியாற்றியவன். நன்னூலும் யாப்பருங்கலக்காரிகையும் மனனம் செய்த எனக்குக் கணித வகுப்பில் என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். 1991-ஆம் ஆண்டு எங்கள் பள்ளியில் கணக்காசிரியர் மாற்றலாகிச் சென்றார். அவ்விடம் நிரம்பத் திங்கள் பல ஆயின. பிள்ளைகள் வாளா அமர்ந்திருத்தலைக் காணப் பொறாமல், ஏழாம் வகுப்பின் வடிவியல் பாடத்தை நானே நடத்துகின்றேன் என ஏற்றுக்கொண்டேன். அப்பொழுது பெற்ற பட்டறிவே ஈண்டு யான் எழுதப் புகுவது.

ஒரு புள்ளியினின்று இரு கதிர்கள் புறப்படின் அவற்றிடையே கோணம் உண்டாகின்றது. ஒரு கதிரை அசையாமல் நிறுத்தி மற்றொன்றைச் சுழற்றினால் கோணம் வளரும். முழுச் சுழற்சி ஒன்றனை 360 கூறுகளாக்கி, ஒவ்வொரு கூற்றையும் பாகை என்பர். பூச்சியம் பாகைக்கு மேற்பட்டு 90 பாகைக்குக் குறைந்தது குறுங்கோணம். சரியாக 90 பாகை உடையது செங்கோணம். 90-க்கு மேற்பட்டு 180-க்குக் குறைந்தது விரிகோணம். சரியாக 180 உடையது நேர்கோணம். அதற்கும் மேற்பட்டு 360-க்குக் குறைந்தது பின்வளைகோணம். பாடப் பகுதி இவ்வளவே. இதனைக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்விக்க அரை நாழிகையும் வேண்டா. ஆயின் எழுதி முடித்துத் திரும்பியவுடனே பின் விசைப்பலகையிலிருந்து ஒரு வினா எழுந்தது.

“ஐயா, செங்கோணம் என்றால் சிவப்புக் கோணமா?”

வகுப்பு நகைத்தது. யான் நகைக்கவில்லை. செங்கல், செம்மண், செந்தாமரை எனச் சிவப்பையே கேட்டு வளர்ந்த சிறுவன் வேறு எவ்வாறு பொருள் கொள்வான்? செம்மை என்னும் பண்பு நிறத்தையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். செங்கோல் என்பது சிவந்த கோல் அன்று, வளையாத கோல். செந்நெறி சிவந்த வழி அன்று. செங்குத்து என நாம் நாடோறும் வழங்கும் சொல்லிலும் செம்மை நேர்மையே. இவற்றை யான் கூறியபொழுது மற்றொரு மாணவி எழுந்தாள். “கோணல் என்றால் வளைவுதானே ஐயா? வளையாத வளைவு என்று எப்படிப் பெயர் வைத்தார்கள்?” என்றாள்.

இவ்வினா என்னை நெடுநேரம் எண்ணச் செய்தது. கோணுதல் என்னும் வினை வளைதலைக் குறிப்பது உண்மை. செங்கோணம் என்பதோ செம்மையையும் கோணலையும் ஒரு சொல்லுள் அடக்கி நிற்கின்றது. ஒரு கோட்டின்மேல் மற்றொரு கோடு எப்பக்கமும் சாயாமல் நிற்குமாயின், அது திரும்பியிருத்தலால் கோணம், சாயாமையால் செம்மை. முன்னோர் இதனையே கருதினர் என யான் துணியேன். ஆயின் அம்மாணவிக்கு இவ்விடை போதுமானதாயிருந்தது.

வியப்பு யாதெனின், யவன நாட்டுக் கணித அறிஞர் யூக்ளிடு ஏறத்தாழக் கி.மு. 300-இல் எழுதிய நூலிலும் செங்கோணத்தின் இலக்கணம் இவ்வாறே அமைந்திருத்தலாகும். அவர் பாகை எதனையும் கூறவில்லை. ஒரு நேர்கோட்டின்மேல் மற்றொன்று நின்று, இருபாலும் உண்டாகும் கோணங்கள் தம்முள் ஒத்திருந்தால் அவை செங்கோணங்கள் என்றார். அதனிற் பெரியது விரிகோணம், அதனிற் சிறியது குறுங்கோணம் என்றார். செங்கோணத்தை நடுவில் நாட்டி, ஏனையவற்றை அதனோடு ஒப்பிட்டே இனம் பிரித்தார் என அறிக. அளவுகருவி கையில் இல்லாத ஒருவனும் கோணங்களை வகைப்படுத்த இயலும் என்பது இதனாற் பெறப்படும்.

அதனை வகுப்பிலேயே செய்து காட்டினேன். ஓரம் கிழிந்த தாள் ஒன்றை எடுத்து ஒருமுறை மடித்தால் நேரான விளிம்பு ஒன்று கிடைக்கும். அது நேர்கோணம். அவ்விளிம்பு தன்மேல் தானே பொருந்துமாறு மீண்டும் ஒருமுறை மடித்தால், நேர்கோணம் இரு சம கூறுகளாகிச் செங்கோணம் கிடைக்கும். காசு செலவில்லாத மூலைமட்டம்! அதனைக் கையில் ஏந்திக்கொண்டு பிள்ளைகள் சன்னல், மேசை, கரும்பலகை, நெல் காயவைக்கும் களத்தின் மூலை எனக் கண்டவற்றையெல்லாம் அளந்து திரிந்தனர். தாளின் மூலைக்குள் அடங்கினால் குறுங்கோணம்; மூலைக்கு வெளியே நீண்டால் விரிகோணம். ஒரு நாள் ஆத்தூர்க் கோட்டைக்கும் அவர்களை அழைத்துச் சென்றேன். வசிட்ட நதிக்கரையில் நிற்கும் அக்கோட்டையின் மதிற்கற்களில் தாளை வைத்துப் பார்த்து, “இக்கல் செங்கோணம், அக்கல் சற்றே விரிகோணம்” எனப் பிள்ளைகள் வழக்குரைத்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

எனினும் ஒரு குழப்பம் எளிதில் நீங்கவில்லை. கைகளை நீளமாக வரைந்தால் கோணம் பெரிதாகிவிடும் எனப் பலர் எண்ணினர். 40 பாகைக் கோணம் ஒன்றை நெடிய கோடுகளாலும், 110 பாகைக் கோணம் ஒன்றைக் குறிய கோடுகளாலும் வரைந்து, “எது பெரிது?” எனக் கேட்டேன். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் முன்னதே பெரிது என்றனர். இதற்கு நம் சொல்லும் ஒருவாறு காரணம் எனத் தோன்றிற்று. குறுங்கோணம் எனக் கேட்ட பிள்ளை, குறுகிய கைகளை உடையது என்று கொள்வதில் வியப்பென்ன? ஈழத்துப் பள்ளி நூல்களில் இதனைக் கூர்ங்கோணம் என வழங்குகின்றனர். கூர்மை என்னும்பொழுது முனையே நினைவுக்கு வருமன்றிக் கையின் நீளம் நினைவுக்கு வாராது. என் கருத்தில் அதுவே பொருத்தமான சொல். தெலுங்கில் இதற்கு லகுகோணம் என்று பெயர். எங்கள் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உள ஆதலின், அச்சொல்லையும் வகுப்பிற் கூறினேன்.

குழப்பத்தை நீக்கியது கடிகாரம். முற்றத்துச் சுவரில் தொங்கிய பெரிய கடிகாரத்திலும், எழுத்தர் கையிற் கட்டியிருந்த சிறிய கடிகாரத்திலும் மணி மூன்று. இரண்டிலும் முட்கள் காட்டுவது செங்கோணமே. பெரிய கடிகாரத்தின் முள் ஒரு சாண் இருக்கும். சிறியதன் முள் நகத்தளவு. இரண்டிலும் மூன்று மணி மூன்று மணியேயன்றி வேறாகுமா? ஒரு மணியில் 30 பாகை, இரண்டில் 60. நான்கில் 120, ஐந்தில் 150. ஆறில் முட்கள் ஒரே கோட்டில் நிற்கும். ‘கோணாத இது கோணமா?’ என்னும் ஐயமும் இதனால் தீர்ந்தது. பன்னிரண்டிலிருந்து ஆறு வரை முள் அரைச் சுற்றுத் திரும்பியதை அவர்கள் கண்ணாற் கண்டனர்.

அவ்வகுப்பில் கொத்தனார் ஒருவரின் மகன் இருந்தான். விடுமுறை நாள்களில் தந்தையோடு சித்தாள் வேலைக்குச் செல்வான். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் அவன் பெற்ற மதிப்பெண் ஒற்றை இலக்கம். விடைத்தாளைப் புரட்டிய எனக்கு ஓரிடம் வியப்பளித்தது. 60 பாகைக் கோணம் ஒன்றைக் கொடுத்து, அளந்து வகைப்படுத்துக எனக் கேட்டிருந்தனர். அவன், ‘120 பாகை, குறுங்கோணம்’ என எழுதியிருந்தான். ஒன்றற்கொன்று முரண்பட்ட விடை. திருத்தியவர் இரண்டையும் சேர்த்தே அடித்திருந்தார்.

அவனை அழைத்து, “இது குறுங்கோணம் என எவ்வாறு கண்டாய்?” என்றேன்.

“மூலைமட்டத்திற்குள் அடங்கிவிடுமே ஐயா, பார்த்தாலே தெரிகிறதே.”

“அப்படியாயின் 120 என எழுதியது ஏன்?”

“கோணமானியில் அந்தக் கோட்டிற்கு நேரே 120 என்றுதான் போட்டிருந்தது.”

அவன் கூறியது உண்மையே. கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் உள. ஒன்று வலப்புறமிருந்து தொடங்கி இடப்புறம் செல்லும். மற்றொன்று இடப்புறமிருந்து தொடங்கி வலப்புறம் வரும். 60-க்கு நேரே 120-உம், 30-க்கு நேரே 150-உம் பொறிக்கப்பட்டிருக்கும். எதனைப் படிப்பது என்பதில்தான் பிள்ளைகள் தடுமாறுகின்றனர். இம்மாணவனின் கண் பிழைபடவில்லை. கருவியைப் படிக்கும் முறையே பிழைபட்டது. அன்று முதல் முறையை மாற்றினேன். கோணமானியைத் தொடுமுன் கோணத்தைக் கண்ணால் நோக்கி, அதன் இனத்தை ஏட்டின் ஓரத்தில் எழுதுதல் வேண்டும். குறுங்கோணம் என எழுதியவன் இரண்டு எண்களுள் 90-க்குக் குறைந்ததனைக் கொள்வான். விரிகோணம் என எழுதியவன் மிகுந்ததனைக் கொள்வான். அளந்த பின்னரே வகைப்படுத்துதல் என்பது நூல் கூறும் முறை. வகைப்படுத்திய பின் அளத்தல் என்பது வகுப்பறை கண்ட முறை.

இதற்கிடையே அவன் தந்தையார் பள்ளிக்கு வந்தார். “கணக்கு ஏறாதவனுக்குப் படிப்பு எதற்கு ஐயா? மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள். என்னோடு வேலைக்கு வரட்டும், நாளுக்கு நாற்காசு கிடைக்கும்” என்றார். அவர் கொடியவரல்லர். வீட்டில் உண்ணும் வாய்கள் ஐந்து. சம்பாதிக்கும் கை ஒன்று.

யான் படிப்பின் பெருமையை அவருக்கு எடுத்துரைக்கவில்லை. அதனைக் கேட்டுக் கேட்டு அவர் செவிகள் புளித்திருக்கும். “ஒரு வீட்டிற்குக் கடைக்கால் குறிக்கும்பொழுது மூலையைச் சரிபார்ப்பது எவ்வாறு?” எனக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. ஒரு கயிற்றில் மூன்றடியும், மற்றொன்றில் நான்கடியும் குறித்து, குறுக்கே சரியாக ஐந்தடி வந்தால் மூலை சரி என்றார். பெரிய வீடாயின் ஆறு, எட்டு, பத்து எனக் கொள்வாராம். பக்கங்கள் மூன்று, நான்கு, ஐந்து என்னும் அளவில் அமைந்த முக்கோணத்தில் ஒரு கோணம் செங்கோணமாதல் கணித நூல்கள் நிறுவிய உண்மை. கொத்தனார் அதனைத் தம் தந்தையாரிடம் கற்றவர்.

“மூலை 90 பாகைக்குப் பதிலாக 89 ஆகிவிட்டால் என்ன ஆகும்?” என்று அடுத்துக் கேட்டேன். ஒரு பாகைதானே, பூச்சில் சரிசெய்துவிடலாம் என்றார். பையனை அழைத்துக் கரும்பலகையில் வரையச் செய்தேன். முப்பதடிச் சுவர் ஒன்று தொடக்கத்தில் ஒரு பாகை பிறழ்ந்தால், மறுமுனையில் ஆறு அங்குலத்திற்கு மேல் விலகிவிடும். இக்கணக்கிற்கு வேண்டிய எண்ணை யான் கொடுத்தேன். பெருக்கலைப் பையன் செய்தான். கொத்தனார் கரும்பலகையை உற்று நோக்கினார். “ஆறு அங்குலமா!” என்றார். சிறிது நேரம் கழித்து, “முன்பு ஒரு வீட்டில் தரைக்கல் பதிக்கும்பொழுது கடைசி வரிசை கோணிக்கொண்டே போயிற்று, ஏன் என அன்று விளங்கவில்லை” எனத் தமக்குள் கூறிக்கொண்டார். சான்றிதழைப் பற்றி மீண்டும் பேசாமல், ஆண்டிறுதித் தேர்வு வரை பார்ப்போம் எனக் கூறிச் சென்றார்.

மகன் அவ்வாண்டு தேறினான். பத்தாம் வகுப்பு வரை படித்தான். அதன்பின் கட்டட வேலைக்கே சென்றான். இன்று அவன் வரைபடம் பார்த்துக் கட்டுவிக்கும் மேற்பார்வையாளன். தந்தையாருக்கு வரைபடம் படிக்கத் தெரியாது, மகனுக்குத் தெரியும். வேறுபாடு அவ்வளவே. ஆயினும் அவ்வேறுபாட்டால் கூலியும் வேறுபட்டது.

கோணத்தின் இனம் அறிதல் சுவர் எழுப்புவார்க்கு மட்டும் உரியதன்று. 1802-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் இலாம்டன் என்னும் ஆங்கிலப் படைத்துறை அலுவலர் சென்னைப் பரங்கிமலையை அடுத்து ஏறத்தாழ ஏழரைக் கல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றையோ கோபுரத்தையோ நோக்கிக் கோணங்களை அளந்தால், நடந்து சென்று அளவாமலே அதன் தொலைவு கிடைத்துவிடும். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணம் அடுக்கித் தென்னாடு முழுவதும் அளக்கப்பட்டது. நில அளவையர் எல்லா முக்கோணங்களையும் ஏற்பதில்லை. ஒரு கோணம் 30 பாகைக்கும் குறைந்து மிகக் கூரியதாயின், அளவையில் நேரும் சிறு பிழையும் தொலைவில் பெரும் பிழையாய் விளையும். ஆகவே, மிகவும் குறுகாத, மிகவும் விரியாத கோணங்களையே அவர்கள் தேர்ந்தெடுப்பர். அவர் கொண்டு திரிந்த கோணமானி அரை டன் எடையுள்ளது! 1808-இல் தஞ்சைப் பெருங்கோயிலில் அதனைக் கயிறு கட்டி மேலே ஏற்றுங்கால், கயிறு அறுந்து கருவி மோதி உருக்குலைந்தது. வாரங்கள் பல முயன்று அதனைத் தம் கையாலேயே செப்பனிட்டார் என்பது வரலாறு. பிள்ளைகளிடம் இதனைக் கூறிய நாள் முதல், எட்டணாக் கோணமானியையும் அவர்கள் பட்டுத்துணி போலப் போற்றலாயினர்.

ஒரு சுற்றுக்கு 360 எனக் கொண்டது ஏன் எனவும் கேட்டனர். பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டு எண்ணிய வழக்கின் தொடர்ச்சி அது என்பர். நம் பஞ்சாங்கத்திலும் இராசி பன்னிரண்டு, இராசி ஒன்றுக்குப் பாகை முப்பது, பாகை ஒன்றுக்குக் கலை அறுபது. 360-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 24 உள. 100 என வைத்திருந்தால் மூன்றிலொரு பங்கிற்கே இடர்ப்பட்டிருப்போம்.

சொற்களைப் பற்றி இன்னும் சிறிது கூறல் வேண்டும். தமிழாசிரியன் அதனை விடுத்தல் இயலாது. கணிதமும் அறிவியலும் தமிழில் இயலுமா என்னும் வாதம் எழுந்த காலத்தில் எங்கள் மாவட்டம் வாளா இருக்கவில்லை. சேலத்தில் வழக்கறிஞராய் விளங்கிய இராசகோபாலாச்சாரியார், அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்பொருட்டு நண்பரோடு கூடி 1916-ஆம் ஆண்டில் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். பின்னர்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் அறிஞர் பலரைக் கூட்டிக் கலைச்சொற்களைத் தொகுத்து 1938-இல் நூலாக்கினர். 1940-இல் அரசினர் சீனிவாச சாத்திரியார் தலைமையில் அமைத்த குழு வடசொற்களையே மிகுதியும் கொள்ளக் கருதியது. தமிழறிஞர் அதனை மறுத்துக் கிளர்ந்தனர். இன்று ஒரு பிள்ளை செங்கோணம், விரிகோணம் என வாயாரச் சொல்லுதற்குப் பின்னே இத்துணை உழைப்பும் பூசலும் உள.

விரிகோணம் என்பதனை இலக்கண வகுப்பிலும் யான் எடுத்தாள்வதுண்டு. விரிந்த கோணம், விரிகின்ற கோணம், விரியும் கோணம் என மூன்று காலமும் தொக்கு நிற்றலின் அது வினைத்தொகை. சுழன்று வளரும் கோணத்திற்கு அத்தொகை மிகப் பொருந்தும். செங்கோணமும் குறுங்கோணமும் பண்புத்தொகைகள். நேர்கோணம் என்பதனை வல்லினம் மிகுத்து நேர்க்கோணம் என எழுதுவாரும் உளர். அவ்வழக்கைத் தீர்க்கும் இடம் இதுவன்று.

என் மனத்திற்கு முழுதும் ஒவ்வாதது பின்வளைகோணம் ஒன்றே. இரண்டு கதிர்களிடையே உட்புறம் 60 பாகையாயின், வெளிப்புறம் 300 பாகை. அவ்வெளிப்புறத்தைக் குறிப்பதே இப்பெயர். ஆயின் பிள்ளைகள் பின்னால் வளைந்த கோடு ஒன்றைத் தேடுகின்றனர். கோடுகளோ நேராகவே உள்ளன. கதவு ஒன்றைத் திறந்து, கதவின் முன்புறக் கோணத்தை விடுத்துப் பின்புறமாகச் சுற்றி வந்து நிற்பதைக் காட்டியே யான் விளக்கி வந்தேன். புறக்கோணம் எனலாமோ எனின், அது முக்கோணத்தின் பக்கத்தை நீட்டுவதால் உண்டாகும் வேறொரு கோணத்திற்குப் பெயராய் வழங்குகின்றது. பெருங்கோணம் எனலாம் என மாணவர் சிலர் கூறினர். குறுங்கோணத்திற்கு எதிர்ச்சொல் போல ஒலித்து, விரிகோணத்தோடு மயங்கும் ஆதலின் அதனையும் விடுத்தோம். இதனினும் பொருத்தமான சொல் ஒன்று உங்களுள் எவர்க்கேனும் தோன்றுமாயின், உங்கள் கணக்காசிரியரிடமும் தமிழாசிரியரிடமும் ஒருங்கே கூறிப் பாருங்கள்.